காலை 4:35க்குத் தானாக அச்சாகும் கேரியர் பட்டியல்

வீட்டுக் கம்ப்யூட்டர் காலை 4:35க்குத் தானாக எழுந்து, அன்றைய சாப்பாட்டு ஆர்டர்களைக் கூகுள் ஷீட்டிலிருந்து எடுத்து, மூன்று தாள் அச்சடித்துவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறது. அம்மாவும் அக்காவும் அடுப்பு பற்றவைக்க வரும்போது தாள் பிரிண்டர் தட்டில் தயாராக இருக்கும். மழைக்காலம், பவர்கட், நெட் இல்லாத காலை எல்லாம் பார்த்தாயிற்று, தாங்குகிறது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். மெஸ், பால் லைன், பேப்பர் லைன் என்று தினமும் ஒரே மாதிரி பட்டியல் அடிக்கிற வீடுகளுக்கு உதவும்.

வேலை இதுதான். வேலூர் தோட்டப்பாளையத்தில் எங்கள் வீட்டிலேயே சமைத்து, சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்களுக்குக் கேரியர் அனுப்புகிறோம். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் பக்கத்து ஆட்கள்தான் அதிகம், சிலர் மாதக்கணக்கில் தங்குவார்கள். சுமாராக ஐம்பது கேரியர். ஒருவருக்குப் புளி ஆகாது, ஒருவருக்கு உப்பே கூடாது, ஆபரேஷன் முடிந்தவருக்குக் கஞ்சி மட்டும், கூட இருப்பவருக்கு முழுச் சாப்பாடு. இதையெல்லாம் அக்கா வாட்ஸாப்பில் வாங்கி, போனிலேயே ஷீட்டில் ஏற்றிவிடுவாள். அதிலிருந்து மூன்று தாள் வேண்டும். சமையலுக்கு ஒன்று, எது எத்தனை என்று. கொண்டுபோகிற தம்பிகளுக்கு ஆளுக்கு ஒன்று: ஒருவன் பாபு ராவ் தெரு, காந்தி ரோடு பக்கம், இன்னொருவன் காகிதப்பட்டறை பக்கம், இருவருக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிதான்.

ராத்திரியே அடித்து வைத்துவிடலாமே என்று பலர் கேட்டார்கள். முடியாது. 11 மணிக்கு மேல்தான் "நாளைக்கு டெஸ்ட், வெறும் வயிற்றில் போகணும், டிபன் வேண்டாம்" என்று மெசேஜ் வரும். அதனால் அடுப்பு பற்றவைப்பதற்குச் சற்று முன்னால் அடிப்பதுதான் சரியான நேரம். அந்த நேரத்தில் அக்கா தூக்கக் கலக்கத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து, வடிகட்டி, காப்பி பண்ணி, பக்கம் சரிசெய்து அடிக்க அரை மணி நேரம் போகும். அந்த அரை மணி நேரத்தை அவளுக்கு மிச்சப்படுத்தத்தான் இறங்கினேன்.

முதலில் எக்ஸெலுக்குள்ளேயே தானாக வேலை செய்யும் மேக்ரோ எழுதி, குறித்த நேரத்தில் புரோகிராமை ஓட்டுவதற்கு விண்டோஸில் இருக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டேன். நான் உட்கார்ந்து பார்க்கும்போது அழகாக ஓடியது. யாரும் லாகின் செய்யாதபோதும் ஓடட்டும் என்கிற ஆப்ஷனைப் போட்டதும் நின்றது. அந்த ஆப்ஷனில் புரோகிராம் திரை இல்லாமல் பின்னால் ஓடும். எக்ஸெல் ஏதோ ஒரு பெட்டியைத் திறந்து ஓகே கேட்டுக்கொண்டு நிற்கும், அதை யாரும் பார்க்கவும் முடியாது, அழுத்தவும் முடியாது. ஷெட்யூலரோ "ஓடுகிறது" என்றே காட்டும். ஆள் இல்லாமல் ஆஃபீஸ் மென்பொருளை இப்படி ஓட்டுவதை மைக்ரோசாஃப்டே பரிந்துரைப்பதில்லை. எக்ஸெலை அத்தோடு விட்டேன்.

அடுத்தது தெர்மல் பிரிண்டர். இதில் பணமும் போனது. மளிகைக் கடையில் பில் அடிப்பார்களே, அந்த 58 மில்லிமீட்டர் ரோல் போடும் சின்ன மெஷின். ஒவ்வொரு கேரியருக்கும் ஒரு சீட்டு கிழித்து ஒட்டிவிட்டால் பட்டியலே வேண்டாம் என்று நினைத்து 1,900 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். தமிழ் எழுத்து அதற்குள் கிடையாது, முழுச் சீட்டையும் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். 58 மில்லிமீட்டர் தாளில் அது அடிக்கிற அகலம் 48 மில்லிமீட்டர், அதாவது 384 புள்ளி. அந்தக் கணக்குக்குப் படம் செய்து அனுப்பினால் எழுத்து நன்றாகவே வந்தது. ஆனால் அந்தத் தாளில் எழுத்து வருவதே சூட்டினால்தான். சாம்பார் ஊற்றிய எவர்சில்வர் கேரியரில் ஒட்டிய சீட்டு கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறமாகி, அப்புறம் முழுக் கறுப்பாகி, அறை எண்ணே தெரியாமல் போயிற்று. மூடிமேல் ஒட்டினால் ஆவி, கைப்பிடியில் கட்டினால் எண்ணெய்க் கை பட்டு எழுத்து மங்கியது. சூடான பாத்திரத்தோடு புழங்கும் இடத்துக்கு அது ஆகவே ஆகாது. இப்போது அதை மாமா கடையில் பில் போட வைத்திருக்கிறார்கள், அங்கே நன்றாக ஓடுகிறது.

வீட்டில் ஏற்கெனவே இருந்த இங்க்ஜெட்டும் சமையலறைக்கு ஒத்து வரவில்லை. ஈரக் கை பட்டால் மை ஓடிவிடும். லேசரில் அந்தப் பிரச்சினை இல்லை, டோனர் என்பது பிளாஸ்டிக் தூள், சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்வதால் தண்ணீர் பட்டாலும் கரையாது. கறுப்பு வெள்ளை மட்டும் அடிக்கிற பழைய லேசர் பிரிண்டர் ஒன்றை 4,500 ரூபாய்க்கு, டோனர் நிரப்பியே வாங்கினேன். ரசம் தெறித்த தாளைத் துடைத்துவிட்டுப் படிக்கலாம். முதலிலேயே இதை வாங்கியிருந்தால் மற்ற செலவு இல்லை.

அப்புறம் தமிழ். பைத்தான் நிரல்மொழி தெரியும் என்பதால் ரிப்போர்ட்லேப் என்ற நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பை) வைத்து நேராகப் பிடிஎஃப் உண்டாக்கினேன். ஓடியது, பிடிஎஃப் வந்தது, அச்சும் ஆனது. காகிதப்பட்டறை போகிற தம்பி தாளைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, எழுத்தெல்லாம் ஒடைஞ்சு ஒடைஞ்சு கீது?" என்றான். "கொழம்பு" என்பதில் ஒற்றைக் கொம்பு "க"வுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். அந்தத் தாளில் கொம்பும் காலும் சேர்ந்து "க"வுக்குப் பின்னால் தனியாகக் கிடந்தன. "மோர்", "பொரியல்", "தொகையல்", "கேரட்" எல்லாம் அதே கதி. எழுத்துகளைச் சேர்க்கும் வேலையைச் செய்ய ஷேப்பிங் எஞ்சின் என்று தனியாக ஒன்று வேண்டும். நான் பயன்படுத்திய முறையில் அது இல்லை. ஆனால் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் உண்டு. அதனால் வழியை மாற்றினேன். பைத்தான் ஒரு சாதாரண எச்டிஎம்எல் பக்கத்தை, அதாவது வெப் பக்கத்தை, மட்டும் எழுதும். விண்டோஸோடு வருகிற எட்ஜ் பிரவுசரைத் திரை இல்லாத ஹெட்லெஸ் முறையில் கூப்பிட்டால் அது அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கித் தரும். கொம்பு தன் இடத்துக்கு வந்தது. தமிழில் அச்சடிக்க நினைக்கிறவர்கள் நேராக இங்கே வந்துவிடுங்கள், இடையில் இருக்கிற வழிகளில் அலைய வேண்டாம்.

எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், போல்டு. சமையல் தாளில் எண்ணிக்கை 32 புள்ளி (பாயிண்ட்) அளவு, பதார்த்தத்தின் பெயர் 22 புள்ளி. அடுப்பிலிருந்து பார்த்தால் சுவரில் மாட்டிய தாள் அம்மாவுக்குத் தெரிய வேண்டும், அதைவிடச் சின்னதாக வைத்தால் கண்ணாடி தேடுவார்கள். தம்பிகள் தாள் 14 புள்ளி. டோனர் மிச்சம் பிடிக்கலாம் என்று பிரிண்டரில் டோனர் சேவ் போட்டுப் பார்த்தேன், புள்ளிகள் மறைய ஆரம்பித்தன. "உப்பு இல்லாமல்" என்ற வரியில் "ப்"பின் மேல் புள்ளியும் இல்லை, "ல்" மேல் புள்ளியும் இல்லை. அந்தத் தாளில் அந்த ஒரு வரிதான் ரொம்ப முக்கியம், ஒருவருடைய சிறுநீரக வைத்தியம் அதில் இருக்கிறது. டோனர் சேவ் ஆப்ஷனை உடனே எடுத்துவிட்டேன். விசேஷக் குறிப்பு உள்ள வரிகளை இப்போது கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக அடிக்கிறேன். டோனர் கொஞ்சம் அதிகம் தின்னும், பரவாயில்லை.

பிடிஎஃபைப் பிரிண்டருக்கு அனுப்ப சுமத்ரா பிடிஎஃப் என்கிற இலவச மென்பொருள் போதும். திரையில் எதுவும் கேட்காமல் சொன்ன பிரிண்டருக்கு அனுப்பிவிடும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: "டீஃபால்ட் பிரிண்டருக்கு அனுப்பு" என்று எழுதாமல் பிரிண்டரின் பெயரையே முழுதாகக் கொடுங்கள். டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்ற ஆப்ஷன் போட்டிருந்தால், கடைசியாக எதில் அடித்தோமோ அதுவே டீஃபால்ட் ஆகிவிடும். முந்தின நாள் யாராவது ரயில் டிக்கெட்டைப் பிடிஎஃபாகச் சேமித்திருந்தால், மறுநாள் பட்டியலும் அந்தப் பக்கம் போய் ஃபைல் பெயர் கேட்டுக்கொண்டு நிற்கும்.

ஷெட்யூலரில் இன்னொன்று. "ஸ்டார்ட் இன்" என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலியாக விட்டால் புரோகிராம் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்று கொண்டு நம் ஃபைல்களைத் தேடும். நம் பைத்தான் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரை அதில் கொடுத்துவிட்டால் சரி.

ஷீட்டிலிருந்து தகவல் எடுக்க சுலபமான வழி, அதை வெப்பில் பப்ளிஷ் செய்து லிங்க்கை எடுப்பது. நான் அதைச் செய்யவில்லை. அந்த லிங்க் யார் கையில் கிடைத்தாலும் திறக்கும், உள்ளே லாட்ஜ், அறை எண், போன் நம்பர் எல்லாம் இருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து நோயாளியோடு தங்கியிருப்பவர்களின் விவரம் அது. அதனால் கூகுள் கிளவுடில் ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் (ஆளுக்கு இல்லாமல் புரோகிராமுக்கென்று இருக்கும் கணக்கு) உண்டாக்கி, அதன் மின்னஞ்சலுக்கு மட்டும் ஷீட்டைப் பார்க்கும் உரிமை கொடுத்தேன். பைத்தானில் ஜிஸ்ப்ரெட் என்ற நூலகம் அந்த அக்கவுண்டின் சாவி ஃபைலை வைத்துப் படித்துக்கொள்ளும், கட்டணம் கிடையாது. தாளிலும் போன் நம்பர் கடைசி நான்கு எண் மட்டும்தான், முழு நம்பர் தம்பிகளின் போனில் இருக்கிறது.

கம்ப்யூட்டரை எழுப்புவது தனிக் கதை. ஷெட்யூலரில் "இந்த வேலைக்காகக் கம்ப்யூட்டரை எழுப்பு" என்று டிக் செய்தால் மட்டும் போதாது, பவர் ஆப்ஷனில், குறித்த நேரத்தில் எழுப்பும் வேக் டைமரையும் அனுமதிக்க வேண்டும். இரண்டும் செய்தும் சில நாள் தாள் வரும், சில நாள் வராது. நடந்ததைப் பதிந்து வைக்கும் லாக் ஃபைலைப் பார்த்தால், மெஷின் எழுந்திருக்கிறது, நெட்டுக்காகக் காத்திருக்கிறது, அப்படியே நின்றுவிட்டது. ஆள் தொடாமல் டைமரால் எழுந்த கம்ப்யூட்டரை விண்டோஸ் இரண்டு நிமிடத்தில் மறுபடி தூங்க வைத்துவிடும், இந்த அமைப்பு வழக்கமான திரையில் கண்ணுக்கே தெரியாது. நெட் வர இரண்டு நிமிடத்துக்கு மேலாகும் நாளில் வேலை பாதியில் உறங்கிவிடும். ஸ்கிரிப்டின் ஆரம்பத்தில், வேலை முடியும்வரை தூங்காதே என்று விண்டோஸுக்குச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்தேன், முடிந்ததும் அதை விலக்கிக்கொள்கிறது. அதற்கப்புறம் அந்தத் தொல்லை இல்லை.

பிரிண்டர் பக்கம், தூங்குவது வேறு, தானாக அணைவது வேறு. தூங்கும் பிரிண்டர் வேலை வந்தால் எழும். சில மணி நேரத்துக்குப் பிறகு தானாக அணையும் அமைப்பு இருந்தால் எழாது, அதைத் தேடி நிறுத்திவிடுங்கள்.

இந்தப் பதிவில் ரொம்ப முக்கியமான பகுதி இனிமேல்தான். தாள் வராமல் போவது பெரிய பிரச்சினை இல்லை. அக்கா போனைத் திறந்து, கையால் எழுதிச் சமாளித்துவிடுவாள். பழைய தாள் புதுத் தாள் மாதிரி வருவதுதான் ஆபத்து. எங்களுக்கு அது இரண்டு வழியில் வந்தது.

முதல் வழி நெட். ஆரம்பத்தில் ஸ்கிரிப்ட் ஷீட்டை இறக்கி டிஸ்க்கில் ஒரு ஃபைலாக வைக்கும், அச்சடிக்கும் பகுதி அந்த ஃபைலைப் படிக்கும். ஒரு நாள் நெட் இல்லை, இறக்கம் நடக்கவில்லை, ஆனால் நேற்றைய ஃபைல் அங்கேயே இருந்தது. அச்சுப் பகுதி அதைப் படித்து, மேலே இன்றைய தேதியைப் போட்டு, சுத்தமாக மூன்று தாள் கொடுத்துவிட்டது. முந்தின நாள் மாலை டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குக் கிளம்பியவர்களின் பூட்டிய அறைக்குக் கேரியர் போயிற்று. அன்று புதிதாகச் சேர்ந்த குடும்பம், காகிதப்பட்டறைப் பக்கம் ஒரு லாட்ஜில், வயசான அம்மாவும் மகனும், சீக்கிரம் ஓபி வரிசைக்குப் போக வேண்டியவர்கள், வாசலிலேயே காத்திருந்து சாப்பிடாமல் கிளம்பிப் போனார்கள். அக்கா ஃபிளாஸ்க்கும் இட்லியுமாக வெயிட்டிங் ஹாலில் தேடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

இப்போது ஷீட்டின் தகவலை டிஸ்க்கில் வைப்பதில்லை. படித்தது நினைவில் இருக்கும், அச்சானதும் போய்விடும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை 4:50 வரை முயற்சி செய்யும். அதற்குள் கிடைக்காவிட்டால் பட்டியலுக்குப் பதிலாக ஒரே ஒரு தாள் வரும்: "இன்றைய பட்டியல் கிடைக்கவில்லை. போனில் ஷீட்டைப் பார்க்கவும்." பக்கம் முழுக்க அடைக்கிற எழுத்தில்.

இரண்டாவது வழி பிரிண்டர் வரிசை. ராத்திரி யாரோ பிரிண்டர் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். காலையில் அனுப்பிய வேலை விண்டோஸின் வரிசையிலேயே கிடந்தது. மறுநாள் சுவிட்சைப் போட்டதும் முதலில் நேற்றைய மூன்று தாள், பின்னாலேயே இன்றைய மூன்று தாள், ஆறும் ஒன்றாக. எந்த மூன்று இன்றையது என்று அவசரத்தில் பிரிப்பது கஷ்டம். இதற்கு இரண்டு மாற்றம் செய்தேன். புது வேலையை அனுப்புமுன் ஸ்கிரிப்ட் ஸ்பூலரை (அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் விண்டோஸ் பகுதி) நிறுத்தி, வரிசையில் மிச்சம் கிடப்பதை அழித்து, மறுபடி ஓடவிடும். இதற்கு அட்மின் உரிமை வேண்டும், ஷெட்யூலரிலேயே கொடுக்கலாம். அடுத்து, ஒவ்வொரு தாளின் வலது மேல் மூலையில் கிழமையை 60 புள்ளி எழுத்தில் போட்டேன். தேதியை யாரும் பார்ப்பதில்லை, "வியாழன்" என்று பெரிதாக இருந்தால் வெள்ளிக்கிழமை அதைக் கையில் எடுக்கவே மாட்டார்கள். கீழே சின்னதாக, ஷீட்டைப் படித்த நேரம், மணியும் நிமிடமுமாக.

பவர்கட்டுக்கு 600 விஏ யூபிஎஸ் ஒன்றில் கம்ப்யூட்டரையும் நெட் மோடத்தையும் மட்டும் மாட்டியிருக்கிறேன். லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டக் கூடாது, உள்ளே இருக்கும் ஃபியூசர் சூடாகும்போது ஒரேயடியாகக் கரண்ட் இழுக்கும், சின்ன யூபிஎஸ் தாங்காது. ஆக, அச்சடிக்கிற நேரத்தில் கரண்ட் இல்லையென்றால் தாள் இல்லை. அதற்கு மாற்றாக அதே பிடிஎஃபை டெலிகிராம் பாட் (தானாக மெசேஜ் அனுப்பும் கணக்கு) வழியாக அக்காவுக்கும் இரண்டு தம்பிகளுக்கும் தினமும் அனுப்பிவிடுகிறது. ராத்திரி நீண்ட நேரம் கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் தீர்ந்துவிட்டால், கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஆன் ஆக பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரையில்) ஓர் அமைப்பு இருக்கிறது, அதையும் போட்டு வைத்திருக்கிறேன். யாரும் லாகின் செய்யாவிட்டாலும் டாஸ்க் ஓடும். நேரம் தவறினால் எழுந்ததும் ஓடு என்ற டிக்கும் உண்டு.

செலவு: பிரிண்டர் 4,500, யூபிஎஸ் 2,600, வீணான வகையில் தெர்மல் 1,900. மென்பொருளுக்கு ஒன்றும் இல்லை. காலைப் பட்டியலை மட்டும் கணக்குப் போட்டால் தினம் மூன்று தாள், மாதம் 90, ஒரு 500 தாள் கட்டு ஐந்தரை மாதம் வரும். 75 ஜிஎஸ்எம் தாள்தான் வாங்குகிறேன். அதைவிட மெல்லியது சமையலறை ஆவியில் சுருண்டு பிரிண்டருக்குள் சிக்குகிறது. பிரிண்டரை முதலில் சமையலறை வாசலிலேயே வைத்திருந்தோம், ஹாலுக்கு மாற்றியதும் சிக்கல் பாதி குறைந்தது. பிரித்த கட்டைப் பாலிதீன் கவரில் சுற்றி வைத்து, தட்டில் ஒரு வாரத்துக்கானதை மட்டும் போடுகிறோம்.

மறுபடி முதலிலிருந்து செய்தால், டெலிகிராமில் பிடிஎஃப் அனுப்புவதை முதலில் செய்வேன், அச்சை அப்புறம் சேர்ப்பேன். ஒரு வாரம் பிடிஎஃப் சரியாக வருகிறதா என்று பார்த்தபின் பிரிண்டர் வாங்கினால் போதும். ஃபைலை டிஸ்க்கில் வைக்கும் யோசனைக்கே போகமாட்டேன். கேரியருக்கு ஒட்டும் சீட்டு இன்னும் பாக்கி. லேசரில் போடும் ஏ4 ஸ்டிக்கர் தாள் வாங்கிப் பார்த்ததில் எழுத்து நிற்கிறது, ஆனால் சூடான எவர்சில்வரில் பசை இளகி, கழுவும்போது பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிறது. இப்போதைக்கு அக்கா பழையபடி கைப்பிடியில் எண் எழுதிய பிளாஸ்டிக் வில்லையைக் கட்டுகிறாள், பட்டியலில் வில்லை எண்ணுக்கும் ஒரு பத்தி சேர்த்துவிட்டேன்.

மதியப் பட்டியலுக்கு நேரம் குறிக்க முடியவில்லை. டாக்டர் பார்த்து முடித்த பிறகுதான் மதியம் என்ன சாப்பிடலாம் என்று அவர்களுக்கே தெரியும், 11:30 வரைக்கும் மாற்றம் வந்துகொண்டிருக்கும். அதற்கு டெஸ்க்டாப்பில் ஓர் ஐகான் வைத்திருக்கிறேன், அதே ஸ்கிரிப்ட்தான். எல்லா மெசேஜும் வந்துவிட்டது என்று அக்காவுக்குத் தோன்றும்போது அவளே கிளிக் செய்துகொள்கிறாள்.